இரண்டாவது பட்டியல்

நீங்களே ஜன்னலோரம் உக்காருங்கம்மா, எனக்கு அந்தப் பக்கத்து வெயில் ஆகாது. காரைக்குடிதானே? நானும் அங்கதான். இல்லல்ல, பை மடியிலேயே இருக்கட்டும், மேல வைக்க வேண்டாம். நான் கனகமணி. மனநலத் துறையில சைக்காலஜிஸ்ட். போன மாசம் முப்பத்தொண்ணாம் தேதியோட ரிட்டயர்டு. எந்த மெடிக்கல் காலேஜுன்னு கேக்காதீங்க, சொன்னா வம்பு. மதுரையில பஸ் மாறி ஏறியிருக்கேன், அவ்வளவு போதும்.

நீங்க டீச்சர்தானே? இல்லையா? பேங்க்கா? அதான், பேங்க்னுதான் முதல்ல நினைச்சேன், வாய் தவறி டீச்சர்னு வந்துடுச்சு. முப்பத்திமூணு வருஷம் மனுஷங்களைப் பார்த்தவம்மா நான். ஒருத்தர் வந்து உக்காருற விதத்துலேயே பாதி தெரிஞ்சிடும்.

ஒரு விளையாட்டு விளையாடலாமா? அஞ்சு வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க. முறம். கொய்யா. சாவி. எருமை. தாவணி. ஆங், சரி. அப்படியே வச்சுக்கோங்க, இறங்கறப்ப கேப்பேன். எழுதி வைக்கக் கூடாது. வாய்க்குள்ள முணுமுணுக்கவும் கூடாது. இப்ப நாம வேற பேசுவோம்.

அந்த அஞ்சு வார்த்தையும் என்னோடதும்மா. முறமும் எருமையும் ஒருத்தருக்குச் சொந்தமாகுமான்னு சிரிக்கிறீங்க. ஆகும். கேளுங்க.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஞாபகசக்தி பரிசோதனைன்னா வெளிநாட்டுக்காரன் எழுதின பட்டியலைத்தான் வாசிப்போம். பதினஞ்சு வார்த்தை. நம்ம ஊர் ஆளு அதுல பாதியைக் கேட்டே இருக்கமாட்டார். கேட்டறியாத வார்த்தையைத் திருப்பிச் சொல்லலைன்னா அது மறதியா? அதனால நானே எழுதலாம்னு உக்காந்தேன். படிச்சவங்க, படிக்காதவங்க, எந்த ஜாதி, எந்த ஊர், எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தையா இருக்கணும். ஒண்ணு சொன்னா இன்னொண்ணு தானா ஞாபகத்துக்கு வரக் கூடாது. மாடுன்னு போட்டா அடுத்து பால்னு போடக் கூடாது. சொல்றதுக்கு லேசு. ரெண்டு வருஷம் ஆச்சு எனக்கு. ஆளு சேர்ந்து நிக்கிற இடம் எது? ரேஷன் கடை வரிசை. ஊர் ஊரா அந்த வரிசைக்குப் போய் நின்னேன். நானூறு பேரு. "எம்மா, சீனி வாங்க விடுறியா, வாத்தியார் வேலை பாக்கிறியா"ன்னு திட்டு வாங்கிக்கிட்டு, ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக் கேட்டு, இருவது நிமிஷம் கழிச்சு மறுபடி கேட்டு, குறிச்சுக்கிட்டு வந்தேன்.

அப்ப எங்க துறைத் தலைவர் டாக்டர் சொக்கலிங்கம். நல்ல மனுஷன்னு ஊரே சொல்லும். ஊர் என்ன சொல்லாது? முடிச்சதும் அவர் மேசையில கொண்டுபோய் வச்சேன். "பிரமாதம் பொண்ணு"ன்னார். பொண்ணுன்னுதான் கூப்பிடுவார். ஆறு மாசம் கழிச்சு பத்திரிகையில கட்டுரை வருது. 'சொக்கலிங்கம் நினைவாற்றல் சோதனை.' கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல, தட்டச்சு உதவிக்கு நன்றின்னு என் பேரு.

தட்டச்சு உதவி! எனக்கு டைப் அடிக்கவே தெரியாதும்மா.

அன்னைக்கு எரிஞ்சது இன்னும் அணையல. இருபத்தெட்டு வருஷம். நான் கோவக்காரி இல்ல, அதைச் சொல்லிடறேன். கோவம்னா என்ன, அது எங்க உக்காரும், எப்படி வெளிய வரும்னு வகுப்பெடுத்தவ நான். எனக்கு வந்தா எனக்குத் தெரியாதா? இது கோவம் இல்ல. இது நியாயம்.

அப்புறம் இந்தியா முழுக்க அந்தச் சோதனை போச்சு. அவருக்குப் பேராசிரியர் பதவி வந்துச்சு, விருது வந்துச்சு. எனக்கு என்ன வந்துச்சு? என் ரூம் கதவுல 'பரிசோதனை அறை'ன்னு பலகை. டாக்டருங்க ரூம்ல எல்லாம் பேரு இருக்கும், எனக்கு வேலை பேரு மட்டும். நானும் டாக்டர் பட்டம் வாங்கினவதான். ஆனா மாத்திரை எழுதற டாக்டர்தானே டாக்டர்? நான் "டெஸ்ட் மேடம்." புதன்கிழமை எல்லாரும் கூடி ஒரு நோயாளியைப் பத்திப் பேசுவோம். அவங்க ஒரு மணி நேரம் பேசி முடிவெடுத்த பிறகு, "டெஸ்ட் மேடம், ரெண்டு நிமிஷம் சொல்லுங்க"ம்பாங்க. நான் ஆரம்பிக்கறப்ப டீ வந்துடும்.

ஆனா கேளுங்க, ஒண்ணு அவருக்குத் தெரியாது.

ஒரு பட்டியலை ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் வைக்கலாம். ஆறு மாசம் கழிச்சு அதே ஆளு வந்தா, அதே பட்டியலை வச்சா, பழக்கத்துலேயே ஒப்பிச்சிடுவார். அதனால எப்பவும் ஜோடியா ரெண்டு பட்டியல் வேணும். நானும் ரெண்டு எழுதியிருந்தேன். முதல் பட்டியலைக் கொடுத்தப்ப ரெண்டாவதுல நாலு வார்த்தை திருத்த வேண்டியிருந்துச்சு, வீட்ல இருந்துச்சு. கட்டுரை வந்த அன்னைக்கு அந்த நோட்டைப் பீரோவுல புடவைக்கு அடியில வச்சுப் பூட்டினேன். "ரெண்டாவது பட்டியல் என்னாச்சு பொண்ணு?"ன்னு கேட்டார். "சரியா வரல சார்"னேன்.

அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷமா எங்க துறையில ஒரே பட்டியல். நோயாளி முதல் தடவை ஆறு வார்த்தை சொல்வார், ரெண்டாந்தடவை ஒன்பது, மூணாந்தடவை பன்னெண்டு. "ஆகா, மருந்து வேலை செய்யுது"ன்னு இவங்க கட்டுரை எழுதினாங்கம்மா! மருந்தா வேலை செஞ்சது? மனப்பாடம் வேலை செஞ்சது. நான் என் ரூம்ல உக்காந்து சிரிச்சுக்குவேன். பொறுத்தார் பூமி ஆள்வார்.

நோயாளிங்களா? அவங்களுக்கு என்ன? என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! அவங்க சந்தோஷமாத்தான் போனாங்க. தேறிட்டேன்னு நினைச்சுக்கிட்டுப் போறது நல்லதுதானே.

மேலூர் தாண்டியாச்சா? சரி.

போன மாசம் முதல் வாரம். நான் ரிட்டயர் ஆகறதுக்கு மூணு வாரம் இருக்கு. சொக்கலிங்கத்தோட மக உமையாள் ஃபோன் பண்ணுது. சின்னப் பிள்ளையில இருந்து என்னைத் தெரியும். அப்பாவை அப்பச்சின்னுதான் கூப்பிடும். "ஆன்ட்டி, அப்பச்சிக்கு ஞாபகம் ஒரு மாதிரியா இருக்கு. குளிச்சிட்டு வந்து மறுபடி குளிக்கிறாங்க. டாக்டர்கிட்டப் போலாம்னா வரமாட்டேங்கிறாங்க. எல்லாப் பயலும் எங்கிட்டப் படிச்சவன், அவனுங்க முன்னாடி போய் உக்காரமாட்டேன்னு பிடிவாதம். அந்தப் பொண்ணுகிட்டன்னா வரேங்கிறாங்க."

அந்தப் பொண்ணுகிட்டன்னா வராராம்! எனக்கு இதுல பெருமை ஒண்ணும் இல்ல. ஆனைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும், அவ்வளவுதான்.

வந்தார். எழுபத்தெட்டு வயசு. இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்ல பேனா. நோயாளி நாற்காலியில உக்கார வச்சேன். அது என் நாற்காலியைவிடக் கொஞ்சம் தாழ்வா இருக்கும். இருபது வருஷம் முன்னாடி மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், "அதெல்லாம் போதும்"னு ஒதுக்கினவர் அவர்தான். மகளை வெளிய உக்காரச் சொல்லிட்டு, முறம், கொய்யான்னு ஆரம்பிச்சேன். மூணாவது வார்த்தைக்கு நான் வர்றதுக்குள்ள மனுஷன் கடகடன்னு பதினஞ்சையும் வரிசையா ஒப்பிச்சிட்டார். ஒப்பிச்சிட்டுச் சிரிக்கிறார். "என் டெஸ்ட்டை எனக்கே வைக்கிறியா பொண்ணு?"

என் டெஸ்ட்டு.

கைப்பையைத் திறந்தேன். அன்னைக்குக் காலையில புடவைக்கு அடியில இருந்து எடுத்துட்டு வந்திருந்தேன். ரெண்டாவது பட்டியல். உலகத்துலேயே அதைக் கேட்ட முதல் நோயாளி அவர்தான். பதினஞ்சு வார்த்தை வாசிச்சேன். மூணு சொன்னார். மறுபடி வாசிச்சேன். மூணு. அஞ்சு தடவை வாசிச்சும் நாலைத் தாண்டல. இருவது நிமிஷம் வேற பேச்சு பேசிட்டு, "சார், அந்தப் பட்டியலைச் சொல்லுங்க"ன்னேன். "எந்தப் பட்டியல்?"னார். முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தார். பேனாவை எடுத்து மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டினார்.

எனக்கு அப்ப வயிறு குளுந்துச்சு. உண்மையைச் சொல்றதுல என்ன வெக்கம்? குளுந்துச்சு.

ரிப்போர்ட் எழுதணும். மேசையில ரெண்டு தாள். ஒண்ணுல பதினஞ்சுக்குப் பதினஞ்சு, ஒண்ணுல இருவது நிமிஷம் கழிச்சுப் பூஜ்யம். முதல் தாளைப் பார்த்து எழுதினேன். 'நினைவாற்றல் வயதிற்கேற்ப நன்றாக உள்ளது.' கையெழுத்து, முத்திரை. ரெண்டாவது தாள் என் பைக்குள்ள போயிடுச்சு. இந்தப் பைதான். இங்கதான் இருக்கு.

பொய்யா எழுதினேன்? எது பொய்? இந்தியா முழுக்க ஒத்துக்கிட்ட சோதனை, சொக்கலிங்கம் நினைவாற்றல் சோதனை, அதுல அவர் நூத்துக்கு நூறு. ரெண்டாவது பட்டியல்னு ஒண்ணு இருக்கிறதா எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு? சரியா வரலைன்னு நான்தான் அப்பவே சொல்லிட்டேனே.

ஏன் அப்படி எழுதினேன்னு கேக்கறீங்க. என் பிரிவுபசார விழாவுக்கு அவர்தான் தலைமை. ரிப்போர்ட்ல கோளாறுன்னு எழுதினா மக அனுப்பாது. நல்லா இருக்கார்னா அனுப்பும். வரட்டுமே! அவர்கிட்டப் படிச்ச அத்தனை டாக்டருங்களும் உக்காந்திருப்பாங்க. மைக்கு முன்னாடி நிக்கட்டும். தடுமாறட்டும். நானூறு பேரு தடுமாறுனதை நான் குறிச்சு எடுத்துட்டு வந்தேன், அதை வச்சு இவர் பேரு வாங்கினார். இவர் தடுமாறுறதையும் நாலு பேரு பார்க்கட்டும். இதைப் பழின்னு சொல்லாதீங்கம்மா. வாய்ப்புக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இருங்க, ஃபோன் அடிக்குது. உமையாள்தான். அடிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்.

விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி துறைச் செய்திமடல் வந்துச்சு. புதுசா ஒரு மெஷின் வாங்கியிருக்காங்க, தலையில வச்சு சிகிச்சை கொடுக்கிறது. அதுக்கு முழுப் பக்கம், நாலு படம், ரிப்பன் வெட்டுறது, கை தட்டுறது. அடியில எனக்கு நாலு வரி. 'பல ஆண்டுகள் சோதனைகளில் உதவி புரிந்த' அப்படின்னு. உதவி புரிந்தேனாம். படத்துல நான் இல்ல, என் ரூம் கதவு இருக்கு.

விழா அன்னைக்கு மத்தியானம் மூணு மணி. பொன்னாடை போத்தினாங்க. சொக்கலிங்கம் எழுந்தார். முதல் ரெண்டு நிமிஷம் நல்லாத்தான் பேசினார், எனக்கே ஏமாத்தமா இருந்துச்சு. அப்புறம் பேசினதையே மறுபடி பேசினார். இப்போ தலைவரா இருக்கிற பாரிவேளை, செத்துப்போன வேற ஒரு டாக்டர் பேரு சொல்லிக் கூப்பிட்டார். முன்வரிசையில ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டாங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கல்யாண வீட்டுல பாயசத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு.

அப்பத்தான் என் பக்கம் திரும்பினார். திரும்பி என் பேரைச் சொன்னார். முழுப் பேரு, இனிஷியலோட. எங்க துறையில என் இனிஷியல் ஒருத்தருக்கும் தெரியாதும்மா. சொல்லிட்டு, "இந்தப் பொண்ணு ரேஷன் கடை ரேஷன் கடையா அலைஞ்சு எழுதினது அந்தப் பட்டியல். நான் எழுதல. பேராசிரியர் ஆகறதுக்கு எனக்கு ஒரு கட்டுரை குறைஞ்சுது. எம் பேரைப் போட்டுக்கிட்டேன். தப்பு"ன்னார்.

இருபத்தெட்டு வருஷமா எந்த வார்த்தைக்குக் காத்திருந்தேனோ அது மைக்ல வந்துடுச்சு. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க! மறதி அவருக்கு எதைத் தின்னுச்சு பாருங்க. நேத்து நடந்ததைத் தின்னுச்சு, மறைக்கணும்ங்கிறதைத் தின்னுச்சு. உண்மையை விட்டுட்டுப் போயிடுச்சு.

ஆனா என்னம்மா நடந்துச்சு? பாரிவேள் ஓடிவந்து மைக்கை வாங்கி, "சாருக்கு எப்பவுமே பெருந்தன்மை"ன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. கீழ இறங்கறப்ப என் காதுபட ஒருத்தி சொல்றா, "பாவம், சாருக்கு ஞாபகம் தப்பிடுச்சு, என்னென்னமோ உளர்றார்." உளர்றாராம்! வாழ்க்கையில அந்த மனுஷன் பேசின ஒரே உண்மை, அது உளறல்!

மறுநாள் காலையில பாரிவேள் ரூமுக்குப் போனேன். என் ரிப்போர்ட்டை மேசையில போட்டேன். "சாருக்கு மறதி இல்ல. நான் சோதிச்சிருக்கேன், அவர் பேர்ல இருக்கிற சோதனையிலேயே. பதினஞ்சுக்குப் பதினஞ்சு. அப்ப அவர் சொன்னது வாக்குமூலம்"னேன். ரெண்டு தடவை படிச்சார். "மேடம், நீங்க சொல்றீங்கன்னா சரி. சார் சுயநினைவோட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, அடுத்த செய்திமடல்ல போட்டுடலாம், பத்திரிகைக்கும் எழுதிடலாம். சோதனைக்கு உங்க பேரே வச்சிடலாம்"னார்.

கடிதம் நானே எழுதிட்டேன். இதோ, கவர்ல. அவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அதுக்குத்தான் காரைக்குடியில அவர் வீட்டுக்குப் போறேன். இன்னும் ரெண்டு மாசம் போனா கையெழுத்தும் போயிடும், எனக்குத் தெரியாதா? நான்தானே பார்த்தேன்.

ஆமாம்மா, அந்த ரெண்டாவது தாள் வெளிய வந்தா இந்தக் கடிதம் வெத்துத் தாள். அதனாலதான் அது எங்கிட்டயே இருக்கு. கிழிச்சுப் போட்டிருக்கலாம்தான். மனசு வரல. அந்தப் பட்டியலை வச்ச ஒரே தாள்மா அது. என் கையெழுத்து, என் வார்த்தை. எப்படிக் கிழிக்கிறது?

மறுபடி உமையாள். சரி, எடுத்துடறேன்.

சொல்லும்மா. ஆமா, பஸ்ல வந்துக்கிட்டே இருக்கேன்... எப்ப? கார் எடுத்துட்டுப் போனாங்களா?... அடி ஒண்ணும் இல்லையே? அப்பாடா. செவுத்துலதானே... அழாத, அழாத. வீட்டுக்கு வழி தெரியலைன்னா பதட்டத்துல இருந்திருக்கும்மா... நாளைக்கா? எந்த டாக்டர்? ஸ்கேன் எல்லாம் எதுக்கு இப்ப? நான்தான் ரிப்போர்ட் கொடுத்திருக்கேனே. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்... நான் வந்து பார்த்துட்டுச் சொல்றேன், அதுக்கப்புறம் போலாம். நான் வர்ற வரைக்கும் யாருகிட்டயும் பேசாத. ஆமா. அவங்க முழிச்சிருக்காங்களா? பேனா பிடிக்கிறாங்களா? இல்ல, சும்மாதான் கேட்டேன். வை.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? ஒண்ணும் ஆகல. செவுத்துல லேசா இடிச்சிருக்கார், நெத்தியில வீக்கமாம். ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது? இருபத்தெட்டு வருஷம் நான் பொறுத்தேன், அவர் ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? கையெழுத்து வாங்கிட்டு நானே கூட்டிட்டுப் போறேன் டாக்டர்கிட்ட. நானேதான் கூட்டிட்டுப் போவேன். என்னைவிட அவருக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?

நீங்க இப்ப என்ன நினைக்கிறீங்கன்னு முகத்துலேயே தெரியுது. நான் பாவம்னு நினைக்கிறீங்க. இல்லையா? இல்லைன்னா வேற என்ன... சரி விடுங்க.

பிள்ளையார்பட்டி வளைவு தாண்டிருச்சு, ஸ்டாண்டு வந்துடும். எங்க, அந்த அஞ்சு வார்த்தை? முறம், ஆங். கொய்யா. சாவி. எருமை... யோசிங்க, யோசிங்க. தாவணி! அஞ்சும் சரி. பார்த்தீங்களா, எப்படிப்பட்ட பட்டியல்! இவ்வளவு கதைக்கு நடுவுலயும் நிக்குது பாருங்க.

என் பேரு? ஏறினவுடனே சொன்னேனே.

பரவாயில்ல. யோசிக்காதீங்க, வராது. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன், பேருதான் முதல்ல போகும். அவருக்கு இருக்கு. காலையில என்ன சாப்பிட்டார்னு அவருக்குத் தெரியாது, வீட்டுக்கு வழி தெரியாது. என் பேரு மட்டும் இனிஷியலோட இருக்கு. உலகத்துலேயே அவர் ஒருத்தருக்குத்தாம்மா இருக்கு.

கொஞ்சம் இருங்க, நான் முதல்ல இறங்கணும்.